கண்டிச் சீமைக்கு வந்த பூட்டனைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் இன்று அறுபது வயதில் இருக்கும் ஒருவருக்குத் தாத்தாவின் பெயர் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர் சிலருக்குத் தெரியும். அதற்கு மேலே "இந்தியாவிலிருந்து வந்தவர்" என்ற ஒரே சொல்லோடு குடும்பக் கதை நின்றுவிடுகிறது. கோப்பிக் காலத்திலோ தேயிலையின் தொடக்கத்திலோ வந்த அந்த மனிதரைத் தேட முனைபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. என் தகப்பன்வழிப் பூட்டனைப் பல ஆண்டுகளாகத் தேடியதில் கற்றதைக் கொண்டு விடை எழுதியிருக்கிறேன்.

தேடலை எங்கே தொடங்குவது?

சுவடிக்கூடத்தில் அல்ல, லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் காம்பராவில் தொடங்க வேண்டும். குடும்பத்தில் உயிரோடிருக்கும் மிக மூத்தவரை, குறிப்பாக அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணை, முதலில் கேளுங்கள். பிறந்த வீட்டை விட்டு வந்தவள் என்பதால், புகுந்த வீட்டின் உறவுமுறைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவள் அவள். ஆண்கள் மறந்ததை அவள் வைத்திருப்பாள். ஆனால் "உங்கள் மாமனாரின் பெயர் என்ன" என்று நேராகக் கேட்டால் விடை கிடைக்காமல் போகலாம், ஏனெனில் கணவன், மாமனார் பெயரை வாயால் சொல்லாத வழக்கம் நம் பாட்டிமாரிடம் இருந்தது. என் அப்பாயி தன் மாமனாரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் என் மூத்த பெரியப்பாவைக் கையால் சுட்டிக் காட்டினார். மூத்த பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபுதான். ஆகவே ஒரு தலைமுறையின் பெயர் தெரியாவிட்டால், இரண்டு தலைமுறை கீழே மூத்த ஆண்பிள்ளைக்கு என்ன பெயர் என்று பாருங்கள். அது சான்று ஆகாது. ஆனால் எந்தப் பெயரைத் தேடுவது என்று சொல்லிவிடும்.

பேச்சு முடிந்ததும் தகரப் பெட்டியையும் பித்தளைப் பாத்திரங்களையும் பார்க்க அனுமதி கேளுங்கள். சீராக வந்த குடம், செம்பு, குத்துவிளக்கு ஆகியவற்றில் உளியால் புள்ளி வைத்துப் பெயர் வெட்டுவது பழைய வழக்கம். எங்கள் வீட்டுச் செம்பின் கழுத்தைச் சுற்றி ஒரு வரி இருக்கிறது. கொடுத்தவரின் தலைப்பெழுத்து, பெண்ணின் பெயர், பிறகு ஓர் ஊர்ப் பெயர். நூறு ஆண்டுகளாகப் புளி போட்டுத் துலக்கியதில் ஊரின் முதல் எழுத்துகள் தேய்ந்து மறைந்துவிட்டன. சாய்வாக வெயிலில் பிடித்தால் "பட்டி" என்ற கடைசி மூன்று எழுத்து மட்டும் தெரியும். திருச்சி, மதுரைப் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பட்டியில்தான் விழ வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்கு என் அன்றைய மனநிலை புரியும்.

மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா, பிஜி சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் கப்பல் பட்டியலில் தங்கள் மூதாதையைக் கண்டுபிடிக்கிறார்களே, நமக்கு ஏன் அப்படி ஒரு பட்டியல் இல்லை?

அதிகம் பேர் தவறான இடத்தில் ஆண்டுக்கணக்காகத் தேடுவதற்கு இந்தக் குழப்பமே காரணம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். அந்த நாடுகளுக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். துறைமுகத்தில் ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, உடலில் உள்ள தழும்பு ஆகியவை எழுதப்பட்டு, எண்ணிட்ட சீட்டு வழங்கப்பட்டது. இலங்கைக்கு வந்தவர்கள் அந்த முறையின் கீழ் வரவில்லை. இலங்கைக்குப் போவதற்கு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் கட்டுப்பாடு 1847இலேயே தளர்த்தப்பட்டது. அதன் பிறகு ஒரு கங்காணி தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆள்கட்டி, முன்பணம் கொடுத்து, கூட்டமாக நடத்திக்கொண்டு வந்துவிடலாம். இராமேசுவரம், பாம்பன், தொண்டிப் பக்கத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்த அந்த மக்களில் ஒவ்வொருவருக்கும் தனிச்சீட்டு எழுத யாரும் காத்திருக்கவில்லை. எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை.

ஆகவே, நமக்கான அலகு தனிமனிதன் அல்ல, கூட்டம். ஒரு கங்காணியின் கீழ் வந்தவர்கள் பெரும்பாலும் அவனுடைய உறவினர்களாகவோ, ஊரார்களாகவோ, பக்கத்து ஊர்க்காரர்களாகவோ இருந்தார்கள். உங்கள் பூட்டனின் பெயரை நூறு ஆவணங்களில் தேடுவதைவிட, அவர் எந்தக் கங்காணியின் ஆள், அந்தக் கங்காணி எந்த ஊர்க்காரன் என்று கேட்பது விரைவில் பலன் தரும். கங்காணிகளின் பெயர் எஞ்சியிருக்கும்: தோட்டத்து மாரியம்மன் கோயில் மணியில், உபயக் கல்லில், ஊரில் வாங்கிய நிலத்தின் பத்திரத்தில்.

அப்படியானால் தொழிலாளியின் பெயர் எங்குமே எழுதப்படவில்லையா?

எழுதப்பட்டது, ஆனால் அவரைப் பற்றி அறிவதற்காக அல்ல, கணக்குக்காக. தோட்டத்துச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நாள்தோறும் குறி விழும். ஒரு நாள் சம்பளத்துக்கே "பேர்" என்று பெயர் வந்ததும், பாதி வேலைக்கு "அரைப்பேர்" என்று இன்றும் சொல்வதும் இதனால்தான். பெயர் கூலியாகிவிட்ட இடத்தில் பெயரைத் தேடுகிறோம். கங்காணியும் அவன் கூட்டமும் தோட்டத்துக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட துண்டு என்னும் சீட்டு, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறுவதற்கான கடவுச்சீட்டுப் போல இருந்தது. அந்த முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

பழைய செக்ரோல் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அலுமாரிகள் காலியாயின. நான் போன ஒரு தோட்ட அலுவலகத்தில், தேயிலைச் சாக்குகளுக்குப் பின்னால் கட்டுக் கட்டாக இருந்த புத்தகங்களைத் தொட்டதும் கரையான் மண்ணாக உதிர்ந்தன. அப்படியிருந்தும் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும். தோட்ட நிர்வாகியான துரையிடம் கேட்பதற்கு முன் வயதான பெரிய கிளாக்கரிடம் கேளுங்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவுகள் எந்த ஆண்டிலிருந்து உதவும்? அவற்றை எப்படிப் படிப்பது?

இலங்கையில் பிறப்பு, இறப்புகளைப் பதிவதற்கான சட்டம் 1867இல் வந்தது; 1895இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. தோட்டங்களில் நிகழ்ந்த பிறப்பையும் இறப்பையும் துரை அறிவிக்க, அவை பதிவாளரின் புத்தகத்தில் ஏறின. எனவே உங்கள் பூட்டன் கோப்பிக் காலத்திலேயே வந்து 1880களிலோ 1890களிலோ இறந்திருந்தால், அவருடைய இறப்புப் பதிவு இருப்பதற்கு வாய்ப்பு உண்டு. அவர் பிறப்பைத் தேட வேண்டாம், அது கடலுக்கு அப்பால் நடந்தது. அவருடைய பிள்ளைகளின் பிறப்பைத் தேடுங்கள்.

தேடும்போது தோட்டம் இருந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியில், இலக்கம் தெரியாவிட்டாலும் ஆண்டு வரம்பு குறித்து விண்ணப்பிக்கலாம். வரம்பு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. "1885 முதல் 1900 வரை" என்று எழுதிக் கொடுத்தால் எழுதுவினைஞரின் முகம் வாடும்.

என் கையில் கிடைத்த ஒரு பதிவைச் சொல்கிறேன். ஒரே வரியில் ஒரு பெண்ணின் இறப்பு. வயது 40 என்று இருந்தது. 30, 40, 50 என்று பத்துகளில் வரும் வயதை நம்ப வேண்டாம், அது துரையின் கண்மதிப்பு. தொழில், கூலி. பிறந்த இடம் என்று எதுவும் இல்லை. பெற்றோர் பெயருக்கான கட்டத்தில் "தெரியாது". காரணம், பலவீனம். முதலில் பயனற்ற காகிதம் என்று மடித்து வைத்துவிட்டேன். பிறகுதான் அறிவித்தவர் கட்டத்தையும் தோட்டத்தின் பெயரையும் கவனித்தேன்: எங்கள் குடும்பம் எப்போதும் இருந்ததாக நான் நம்பிய தோட்டம் அல்ல அது, மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். பூட்டியின் சாவு நடந்த இடம் தெரிந்ததால்தான், அவர்கள் அங்கிருந்து எந்தக் கங்காணியோடு இடம் மாறினார்கள் என்று விசாரிக்க முடிந்தது. பதிவில் நீங்கள் தேடும் கட்டம் வெறுமையாக இருந்தாலும் மற்றக் கட்டங்களையும் படியுங்கள்.

பெயர் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறதே?

தமிழ் தெரியாதவர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினால் அப்படித்தான் இருக்கும். கருப்பன் என்ற பெயரை ஆங்கில "சி"யில் தொடங்கியும் "கே"யில் தொடங்கியும் எழுதுவார்கள். இடையில் ஒரு பகரம் குறையும். சில இடங்களில் "கார்பன்" என்றே ஆகிவிடும். அகரவரிசைச் சுட்டியில் தேடும்போது இந்த எல்லா எழுத்திலும் தேட வேண்டும். ஊரில் கருப்பண்ணன் ஆனவர் தோட்டத்தில் கருப்பன், பேரன் காலத்துப் பத்திரத்தில் கருப்பையா. இது மூன்று மனிதர்கள் அல்ல. மறுபுறம், ஒரே தோட்டத்தில் முத்தன் மகன் கருப்பன் இருவர் இருப்பதும் சாதாரணம். மனைவி பெயரும் சேர்ந்து பொருந்தும்வரை இருவரை ஒருவராக்கிவிடாதீர்கள்.

அவர் எந்த ஆண்டில் வந்தார் என்று எப்படி ஊகிப்பது?

வீட்டில் சொல்லப்படும் கதையில் ஆண்டு இருக்காது. பஞ்சமும் வழியும் பயிரும் இருக்கும். அவை போதும்.

"தாது வருஷப் பஞ்சத்தில் வந்தோம்" என்று சொன்னால், அது 1876-77. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சம் அடுத்த ஈசுவர வருடத்திலும் தொடர்ந்து 1878இல்தான் தணிந்தது. தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன என்பதால், 1936-37ம் தாதுதான் என்பதை நினைவில் வைத்து, தலைமுறைக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். "மன்னாரிலிருந்து நடந்து மாத்தளைக்கு வந்தோம்" என்பது கோப்பிக் காலத்தின் குரல். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்து ரயிலேறிய கதை அதற்குப் பிந்தியது. ரயில் கண்டிக்கு 1867இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்தது, பதுளைக்கு 1924வரை வரவில்லை. இராமேசுவரத்துக்கு அருகே இருந்த மண்டபம் தொற்றுத்தடுப்பு முகாமில் ஊசி போட்டுக்கொண்டு வந்த கதையாக இருந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருப்பது இருபதாம் நூற்றாண்டில் வந்த வேறொருவரைப் பற்றி. பல குடும்பங்களில் இரண்டு வருகைகளும் ஒரே கதையாகப் பின்னிக் கிடக்கின்றன.

இன்னொன்று: கோப்பி பறிப்பு பருவகால வேலை. பறிப்பு முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பி, அடுத்த பருவத்தில் மறுபடி வந்தார்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் தென்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. அந்த இடத்தைப் பிடித்த தேயிலை, லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிட்டது, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் கேட்டது. பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து குடும்பமாகத் தங்கியது பெரும்பாலும் அதன் பிறகுதான். ஆகவே "வந்த ஆண்டு" என்று ஒன்றைத் தேடாமல், "திரும்பிப் போகாமல் நின்ற ஆண்டு" எது என்று கேளுங்கள். அதற்கு விடை முதல் பிள்ளையின் பிறப்புப் பதிவில் இருக்கும்.

சொந்த ஊரைக் கண்டுபிடிக்க வேறு என்ன தடயம் உண்டு?

முதல் தடயம் குலதெய்வம். தோட்டத்துப் பொதுக் கோயிலின் மாரியம்மனைச் சொல்லவில்லை. வீட்டில் தனியாக, பங்காளிகள் மட்டும் கூடிப் படையல் போடும் சாமியைச் சொல்கிறேன். அந்தச் சாமிக்குப் பெரும்பாலும் ஓர் ஊர் உண்டு. மாசி பெரியண்ணசாமி என்றால் கொல்லிமலைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மதுரைவீரன், கருப்பசாமி, முனியாண்டி போன்ற எங்கும் உள்ள சாமியாக இருந்தால், அதன் முன்னொட்டை வற்புறுத்திக் கேளுங்கள்: எந்த ஏரிக்கரைக் கருப்பன், எந்தக் கோட்டை முனி என்று.

இரண்டாவது, உறவுச்சொல். அப்பாவின் அம்மாவை அப்பத்தா என்பது மதுரை, சிவகங்கை, இராமநாதபுரப் பக்கத்து வழக்கு. அப்பாயி என்பது திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம். அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்றால் கொங்கு. பாட்டியை ஆச்சி என்றால் திருநெல்வேலிச் சாயல். தோட்டத்து வாழ்வில் எல்லாம் கலந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் வீட்டுக்குள் பாட்டியை அழைக்கும் சொல் எளிதில் மாறுவதில்லை.

மூன்றாவது, பழைய மாவட்ட எல்லை. ஒரு காகிதத்தில் "திருச்சி ஜில்லா" என்று கண்டதும் இன்றைய திருச்சி மாவட்டத்துக்குள் மட்டும் தேடுவது தவறு. பெரம்பலூரும் அரியலூரும் அதற்குள் இருந்தவை. நாமக்கல் வட்டம் சேலத்தோடும் திருச்சியோடும் மாறி மாறி இருந்து, 1997இல் தனி மாவட்டமாயிற்று. புதுக்கோட்டை 1948வரை தனிச் சமஸ்தானம், ஆகவே அந்த ஊர்களின் நிலக் கணக்கைச் சென்னை மாகாணப் பதிவுகளில் தேடினால் கிடைக்காது.

இங்கிருக்கும் பழைய தோட்டப் பெயரை வரைபடத்தில் காணவில்லை.

சிறு கோப்பித் தோட்டங்கள் பல, பெரிய தேயிலைத் தோட்டங்களின் டிவிசன்களாகக் கரைந்துவிட்டன. தவிர, துரைமார் வைத்த ஸ்கொட்லாந்துப் பெயரை மக்கள் சொல்லவில்லை. பாறை, ஆறு, முதல் துரையின் நடை ஆகியவற்றை வைத்துத் தாங்களே ஒரு தமிழ்ப் பெயர் இட்டார்கள். பெர்குசன் டிரெக்டரி என்ற பழைய கைநூல் வரிசையில் தோட்டம், அதன் பரப்பு, உரிமையாளர், துரை ஆகியோரோடு அந்தத் தமிழ்ப் பெயர்களும் உண்டு. கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்திலோ பழைய நூலகங்களிலோ பாருங்கள்.

மிகவும் பயன்படும் ஒரே ஆவணம் எது?

பலருக்கு வியப்பாக இருக்கும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணம் அல்ல, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த விண்ணப்பம். 1948இல் குடியுரிமை பறிபோன பிறகு, மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் போயின, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. நம் பாட்டன்மார் எங்கே பிறந்தோம், தகப்பன் யார், எந்தெந்தத் தோட்டத்தில் எவ்வளவு காலம் இருந்தோம் என்று அதிகாரிக்கு முன் நின்று சொல்லவேண்டி வந்தது. அவமானத்துக்காக எழுதப்பட்ட அந்தக் காகிதம்தான் இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் குடும்ப வரலாறு. பிரதியோ நிராகரிப்புக் கடிதமோ தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும். யாரும் எறியவில்லை, பயந்து வைத்திருந்தார்கள். 1964 அக்டோபர் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன கிளையினரிடம் குடும்ப அட்டை இருக்கும். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அன்று ஊரில் நிலமோ உறவோ இருப்பதாகச் சொன்னால் விண்ணப்பம் தோற்கும் என்று அஞ்சி, "எனக்கு இந்தியாவில் யாரும் இல்லை" என்று சொன்னவர்கள் உண்டு. அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுத் தேடலை நிறுத்தாதீர்கள்.

தேவாலயப் பதிவுகள்?

குடும்பம் கிறிஸ்தவமாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். தோட்டத் தமிழரிடையே பணியாற்ற 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிகள் லயம் லயமாக நடந்தவர்கள். அங்கிலிக்கன் கோயில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் பெற்றோர் பெயர் இருக்கும். கத்தோலிக்கக் கோயில்களிலும் அப்படியே.

கல்லறை?

மலைநாட்டுத் தேவாலய வளவுகளில் துரைமாருக்குக் கல் உண்டு. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை.

மரபணுச் சோதனை ஊரைச் சொல்லுமா?

ஊரைச் சொல்லாது. தூரத்து உறவினர் யாராவது அதே நிறுவனத்தில் சோதித்திருந்தால் அவரைக் காட்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருக்கும் பங்காளி எச்சிலை அனுப்பியிருக்க வாய்ப்புக் குறைவு.

ஊர் தெரிந்துவிட்டது. போகலாமா?

போங்கள், ஆனால் சரியான சொல்லோடு போங்கள். "இலங்கைக்குப் போன குடும்பம்" என்று விசாரித்தால் அகதி முகாமைக் காட்டுவார்கள். "கண்டிக்குப் போனவர்கள்" என்று கேட்க வேண்டும். அந்த ஊர்களின் பழைய பேச்சில் மலைநாடு முழுவதும் கண்டிச் சீமைதான். டீக்கடையில் கேட்பதைவிடக் குலதெய்வக் கோயில் பூசாரியைக் கேளுங்கள். பங்காளி வீடுகளிலிருந்து தலைக்கட்டு வரி வசூலிப்பவருக்கு, எந்தக் கிளை எப்போது விட்டுப்போயிற்று என்பது தெரியும்.

நான் போன அன்று, செம்பின் கழுத்தைப் படம் பிடித்துக் கொண்டுபோயிருந்தேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, தேய்ந்த எழுத்துகளை இடம் விட்டுப் படித்து, தங்கள் ஊர்ப் பெயரை முழுதாகச் சொன்னார். கண்டிக்குப் போன ஒருவரைப் பற்றித் தன் தாத்தா பேசியதுண்டு என்றார். ஆனால் உள்ளே கூப்பிடவில்லை. திண்ணையிலேயே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மகனுக்கு ஆள் அனுப்பினார். மகன் வந்ததும் முதலில் கேட்டது, பத்திரம் ஏதும் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று. நூற்றிருபது ஆண்டுக்கு முன் போனவனின் வாரிசு திடீரென வாசலில் நின்றால், நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகவே பெயரைச் சொல்வதற்கும் முன்பே, பங்கு கேட்டு வரவில்லை, சாமி கும்பிட வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். நான் அதை இரண்டாவதாகச் சொன்னேன். சாப்பாட்டுக்கு இலை போட மாலையாயிற்று.